சிசேரியன் ஆனதால் மகளுக்கு என் நல்ல கிருமி போகவில்லையா?

கேள்வி: டாக்டர், எனக்கு இது முதல் பிரசவம். பனிக்குடம் உடைந்து, பாதி நாள் வலியோடு இருந்த பிறகு, குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, 2.9 கிலோ, மாதம் நிறைந்துதான் பிறந்தாள். எனக்கு ஆன்டிபயாடிக் போட்டார்கள். தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவளுக்கும் இரண்டு நாள் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் பவுடர் பால்தான். இப்போது 24 நாள் ஆகிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன், இரவில் மட்டும் ஒரு வேளை பவுடர் பால். சுகப்பிரசவத்தில்தான் தாயின் நல்ல பாக்டீரியா பிள்ளைக்குப் போகும், சிசேரியன் பிள்ளைக்கு ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து அழுகையாக வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு என் கணவர் புரோபயாடிக் சொட்டு மருந்து வாங்கி வந்துவிட்டார். மாமியார் உரை மருந்து கொடுக்கலாம் என்கிறார். நான் தயிர் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றும் சொல்கிறார். அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மஞ்சளாக, தண்ணியாக, புளித்த வாடையோடு போகிறாள். கெட்ட கிருமியாக இருக்குமா? தவறவிட்டதை இனி ஈடுகட்ட முடியுமா? அடுத்த பிரசவமாவது சுகப்பிரசவமாக இருக்க முயற்சி செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்து. பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். திறந்து நாலு சொட்டு கொடுத்திருந்தால் பதற வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடலாம். மாதம் நிறைந்து, நல்ல எடையில் பிறந்து, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அழுகைக்கு வருவோம். நீங்கள் பார்த்த வீடியோ முழுப் பொய் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டதுதான் பிரச்சினை.

உண்மையான பாதி இது. சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தையின் குடலையும் சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலையும் முதல் வாரத்தில் ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகவே தெரியும். சுவீடனில் 98 தாய்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் ஒரு வருடம் பின்தொடர்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுகப்பிரசவக் குழந்தைகளிடம் ஆரம்பத்தில் குடியேறிய பாக்டீரியா வகைகளில் 72 சதவீதம் தாயின் மலத்தில் இருந்தவற்றோடு பொருந்தின. சிசேரியன் குழந்தைகளிடம் அது 41 சதவீதம்தான். பிரிட்டனில் 596 குழந்தைகளை வைத்துச் செய்து 2019-ல் வந்த இன்னும் பெரிய ஆய்வும் இதையேதான் காட்டியது. சிசேரியன் குழந்தைகள் பலரிடம் பாக்டீராய்டிஸ் என்ற முக்கியமான இனம் காணவே இல்லை. அதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரிகளில் சுற்றித் திரிகிற என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை இடம்பிடித்திருந்தன.

இதோடு வீடியோ முடிந்துவிடுகிறது, இல்லையா? ஆனால் அதே பிரிட்டன் ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, குழந்தைகள் ஆறு முதல் ஒன்பது மாதத்தை எட்டும்போது இந்த வித்தியாசம் பெரும்பாலும் சமனாகிவிட்டது. இன்னொன்று, சுகப்பிரசவக் குழந்தைகளின் குடலில் நிலைத்துத் தங்கியவை பிறப்புவழிப் பாக்டீரியா கிடையாது, தாயின் குடலில் இருந்து வந்தவை. பிறக்கும்போது குழந்தையின் முகமும் வாயும் தாயின் ஆசனவாயை ஒட்டித்தான் வெளியே வருகின்றன. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் மனுஷப் பிள்ளைக்கு முதல் சீதனம் அங்கிருந்துதான் வருகிறது. பிறப்புவழியில் அதிகம் இருக்கிற லாக்டோபேசிலஸ் வகைகள் குழந்தையின் குடலுக்குள் போனாலும் பெரும்பாலும் நீண்ட நாள் நிலைப்பதில்லை. ‘பிறப்புவழியைத் தாண்டினால் வரம், தாண்டாவிட்டால் சாபம்’ என்கிற கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வலி வராமல், தேதி குறித்துச் செய்த சிசேரியன் வேறு, உங்களுக்கு நடந்தது வேறு. பனிக்குடம் உடைந்து, பாதி நாள் வலியில் இருந்திருக்கிறீர்கள். குழந்தையைச் சுற்றியிருந்த தடுப்பு அப்போதே திறந்துவிட்டது. பிறப்புவழிக் கிருமிகளின் தொடர்பு அவளுக்கு அறவே இல்லாமல் போயிருக்க வாய்ப்பில்லை.

கருப்பையிலேயே குழந்தைக்கு பாக்டீரியா போகிறது என்றும் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2014 வாக்கில் நஞ்சுக்கொடியில் தனியாக ஒரு பாக்டீரியாக் கூட்டம் வாழ்கிறது என்று ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. பிறகு கேம்பிரிட்ஜில் 537 பெண்களின் நஞ்சுக்கொடிகளை மிகக் கவனமாகப் பரிசோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான நஞ்சுக்கொடியில் அப்படி ஒரு கூட்டம் இல்லை, முன்பு தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிரசவத்தின்போதும் பரிசோதனைக் கூடத்திலும் ஒட்டிக்கொண்டவை என்பது அவர்களுடைய முடிவு. 1885-லேயே ஜெர்மானிய-ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், பிறந்த குழந்தையின் முதல் கருமலத்தில் கிருமி இல்லை, சில மணி நேரத்துக்குள் வந்து சேர்கின்றன என்று எழுதியிருந்தார். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் பெயரில் இருக்கிற ‘ஈ’ அவருடைய பெயரைத்தான் குறிக்கிறது. ஆக, வயிற்றில் இருக்கும்போதே ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம்.

பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, அந்த ஒரு நிமிஷத்தில் விட்டால் விட்டதுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கைமாற்றம் அப்படி ஒரே தடவையில் நடந்து முடிகிற காரியமே கிடையாது. மாதக்கணக்கில் நடக்கிறது, பல வழிகளில் நடக்கிறது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று கூடுதலாகத் திறக்கிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 120 தாய்-சேய் ஜோடிகளை முதல் மாதம் முழுக்கக் கவனித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் உடலில் இருந்த பாக்டீரியாவில் சராசரியாக 58.5 சதவீதத்தைத் தாயின் ஏதோ ஓர் இடத்தோடு பொருத்திக் காட்ட முடிந்தது. தோல், மூக்கு, வாய், மலம், பிறப்புவழி, தாய்ப்பால் எல்லாமே அதில் அடக்கம். சிசேரியன் குழந்தைகளுக்கு மலத்தின் வழியாக வந்தது குறைவு. ஆனால் தாய்ப்பாலின் வழியாக வந்தது, சுகப்பிரசவக் குழந்தைகளைவிட அதிகம்! அந்த ஆய்வு முடிவைப் பார்த்தபோது எனக்கே சிசேரியன் வார்டில் இருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அத்தனை அம்மாக்களும் குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கு லாபம்? சொட்டு மருந்து விற்கிறவர்களுக்குத்தான்.

சரி, பால் என்ன செய்கிறது?

தாய்ப்பாலிலேயே உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. மார்பின் கருவளையத் தோலிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 107 தாய்-சேய் ஜோடிகளைப் பார்த்து 2017-ல் வந்த ஆய்வில், முதல் மாதத்தில் முக்கால் பங்குக்கு மேல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் குடல் பாக்டீரியாவில் சுமார் 28 சதவீதம் பாலில் இருந்தும், 10 சதவீதம் கருவளையத் தோலில் இருந்தும் வந்தவை என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்பும் மார்பை சோப்பு போட்டோ டெட்டால் தண்ணீராலோ கழுவ வேண்டாம் என்கிறேன். தினமும் குளிப்பதே போதும். கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நல்ல கிருமி வேண்டும் என்பதற்காக கைகழுவுவதை விட்டுவிடாதீர்கள். டயபர் மாற்றிய கை, சமையலறைக் கை, வெளியே போய் வந்த கை இவற்றில் இருப்பதெல்லாம் உங்கள் மகளுக்குத் தேவையான கூட்டம் இல்லை.

பாக்டீரியாவைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது தாய்ப்பாலில் இருக்கிற ஒருவகைச் சர்க்கரை. லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து, தாய்ப்பாலில் மூன்றாவதாக அதிகம் கரைந்திருக்கிற பொருள் ஒலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைத் தொடர்கள். ஒரு லிட்டர் பாலில் 5 முதல் 15 கிராம்வரை இருக்கும். சீம்பாலில் இன்னும் அதிகம். ஏறத்தாழ 200 விதமான வடிவங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவ்வளவையும் தாயின் உடல் மெனக்கெட்டுத் தயாரிக்கிறது. ஆனால் குழந்தையால் இதைச் செரிக்கவே முடியாது, அதற்கான நொதிகள் அதன் குடலில் இல்லை. பிறகு எதற்காக? குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்காக. அதுவும் எல்லா பாக்டீரியாவுக்கும் கிடையாது. பிஃபிடோபாக்டீரியம் என்ற இனத்துக்குத்தான் முக்கியமாக.

இந்த இனத்தை 1899-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி டிஸ்ஸியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இருந்து பிரித்தெடுத்தார். மைக்ராஸ்கோப்பில் ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல இரண்டாகக் கிளைத்துத் தெரியும். தாய்ப்பால் குழந்தைகளிடம் இது கொழிப்பதும், மாட்டுப்பால் குடித்த குழந்தைகளிடம் குறைவாக இருப்பதும் ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. பாலில் ‘பிஃபிடஸ் காரணி’ ஒன்று இருக்கிறது என்பதை 1950-களில் ஆய்வாளர் பால் கியோர்கியும், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் கூனும் தங்கள் குழுக்களோடு சேர்ந்து துலக்கினார்கள். அதுதான் நான் மேலே சொன்ன சர்க்கரைத் தொடர்கள். 2008-ல் கலிஃபோர்னியாவில், இந்த இனத்தில் ‘இன்ஃபான்டிஸ்’ என்ற வகையின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது, தாய்ப்பால் சர்க்கரையை உள்ளே இழுத்து உடைப்பதற்கென்றே மரபணுக்கள் ஒரு கொத்தாக வரிசையாக இருந்தன. பாலும் இந்தக் கிருமியும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்திருக்கின்றன.

இது சர்க்கரையைத் தின்று அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடலில் புளிப்பு ஏறுகிறது. புளிப்பில் கிளெப்சியெல்லா வகையறாக்கள் தழைப்பது கஷ்டம். குடல் சுவரின் செல்கள் இறுகி நிற்கவும், எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் சீறாமல் பழகவும் இந்தக் கூட்டம் உதவுகிறது. உங்கள் மகளின் மலத்தில் வருகிற புளித்த வாடை என்னவென்று இப்போது புரிந்திருக்கும். மஞ்சளாக, தண்ணியாக, கடுகு தூவியதுபோல் திப்பித் திப்பியாக, நாளைக்கு ஏழெட்டு முறை போவது தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் சாதாரண மலம். சிலர் ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் போவார்கள். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பதும், பாலை நிறுத்திப் பார்ப்பதும்தான் தவறு. ரத்தம், சளி கலந்திருந்தால், அல்லது திடீரென்று தண்ணீராகவே பீய்ச்சி அடித்துக் குழந்தை துவண்டால், அப்போது காட்டுங்கள்.

அந்த இரவு வேளைப் பவுடர் பாலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் உண்மையாகவே மாற்றச் சொல்வது இந்த ஒன்றைத்தான். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் சுரக்கும். அந்த வேளையை மார்பு தவறவிட்டால் உடம்பு, ‘இவ்வளவு பால் போதும் போல’ என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் இரண்டு வேளை பவுடர் தேவைப்படும். குடலைப் பொறுத்தவரையும் பவுடர் பால் சேரும்போது பிஃபிடோபாக்டீரியத்தின் ஆதிக்கம் குறைந்து மற்ற வகைகள் கூடும். சில டப்பாக்களில் தாய்ப்பால் சர்க்கரை சேர்த்தது என்று இப்போது பெரிதாகப் போடுகிறார்கள். 200-ல் ஒன்றோ சிலவோ சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நாளையே ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் எடை பாருங்கள். இந்நேரத்துக்கு அவள் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டும், நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அந்த வேளைக்கும் மார்பிலேயே போடுங்கள். தையல் வலிக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது குழந்தையைப் பக்கவாட்டில் அக்குளுக்கடியில் தாங்கிக் கொடுக்கலாம். வயிற்றில் பாரம் படாது. கண் விழிக்கவே முடியாத நாளில், பகலில் பீய்ச்சி எடுத்து வைத்த பாலை வீட்டில் வேறு யாராவது பாலாடையில் புகட்டட்டும். எடை ஏறவில்லை என்றால் பவுடரை நிறுத்தாமல், குழந்தை மருத்துவரிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ பிள்ளை மார்பைப் பற்றும் விதத்தைக் காட்டுங்கள். பால் போதவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பற்றும் கோணத்தில்தான் சிக்கல். முதல் இரண்டு நாள் கொடுத்த பவுடர் பாலை நினைத்து வருந்தவேண்டாம். அப்போது அது தேவைப்பட்டிருக்கும்.

ஆன்டிபயாடிக் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் மருந்தும் குடல் பாக்டீரியாவைக் கலைக்கத்தான் செய்யும். ஆனால் பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறுவது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கக்கூடியது. சந்தேகம் வந்தால் மருந்து போட்டுவிட்டு, பரிசோதனை முடிவு சரியாக வந்ததும் நிறுத்துவதுதான் முறை. உங்கள் மருத்துவர்கள் இரண்டு நாளில் நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது. இனிமேல் கவனிக்க வேண்டியது, சாதாரணச் சளிக்கும் தும்மலுக்கும் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் சிரப் வாங்காமல் இருப்பது.

இப்போது சொட்டு மருந்து. புரோபயாடிக்கால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே, ஒடிசாவின் கிராமங்களில், பினாகி பாணிகிராகி தலைமையிலான குழு 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்து 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற இனத்தின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். செப்சிஸ் எனப்படும் தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்தில் இருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. பிரமாதமான முடிவு. ஆனால் அது அந்த ஒரு ரகத்துக்கு, அந்த அளவில், பிறந்த முதல் சில நாளில், தொற்று அதிகமாக இருக்கிற ஊரில் கிடைத்த பலன். உங்கள் கணவர் வாங்கி வந்த பாட்டிலில் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு ரகம் செய்ததை இன்னொரு ரகம் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிசேரியனில் பிறந்து நல்லபடியாக இருக்கிற குழந்தைக்கு இதைக் கொடுத்தால் பிற்காலத்தில் நோய் வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: புரோபயாடிக்கில் இருந்த பாக்டீரியாவே ரத்தத்தில் ஏறி ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததை அடுத்து, 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்கே எச்சரிக்கை அனுப்பியது. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யு.) மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்களாக வீட்டில் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த வீடியோ அதைத்தான் காட்டும். சிசேரியனுக்கு முன் தாயின் பிறப்புவழியில் துணியை வைத்து எடுத்து, பிறந்ததும் குழந்தையின் முகத்திலும் உடம்பிலும் தடவுகிற முறை ஒன்று இருக்கிறது. மரியா குளோரியா டொமிங்கஸ்-பெல்லோ என்ற ஆய்வாளரின் குழு 2016-ல் வெளியிட்ட சிறு ஆய்வில் அப்படித் தடவப்பட்டவர்கள் நான்கே குழந்தைகள். ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2017-ல் சொல்லிவிட்டது. ஹெர்பிஸ், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற நோய்க்கிருமிகளும் அதே துணியில் போய்விடும் என்பதுதான் பயம். ஹெல்சிங்கியில் ஒரு படி மேலே போய், தாயின் மலத்தை மிகச் சிறிய அளவில் பாலில் கலந்து ஏழு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-ல் வெளியானது. அவர்களுடைய குடல் சுகப்பிரசவக் குழந்தைகளுடையதைப் போலவே மாறியது. ஆனால் முன்வந்த 17 தாய்களில் கடுமையான பரிசோதனைகளைத் தாண்டித் தேறியவர்கள் ஏழு பேர்தான் என்பதைக் கவனியுங்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்ற வாக்கியத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆஸ்துமா சற்று அதிகம் என்று பல நாட்டுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. கோபன்ஹேகனில் சுமார் 700 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2020-ல் ஒரு நல்ல தகவல் சொன்னார்கள். ஒரு வயதிலும் குடல் பாக்டீரியா சிசேரியன் சாயலிலேயே தங்கிவிட்ட குழந்தைகளிடம்தான் ஆஸ்துமா கூடியிருந்தது. ஒரு வயதுக்குள் அது வயதுக்கேற்ப முதிர்ந்துவிட்ட சிசேரியன் குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு மாதமே ஆகவில்லை.

தாய்ப்பாலைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது, அவளை மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது. டயபரும் தொப்பியுமாக, உங்கள் வெறும் மார்பில் படுக்க வைத்து மேலே சேலையையோ துணியையோ போர்த்திக்கொள்ளுங்கள். எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துக்கொண்டால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்குபெற்ற ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் காட்டியது. ஆஸ்பத்திரிக் கிருமிக்கு முன்னால் தாயின் கிருமி குடியேறுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கணவரும் வைத்துக்கொள்ளலாம். சொட்டு மருந்துக்கு அலைந்தவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

மாமியார் விஷயம். உரை மருந்து வேண்டாம். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று கல்லில் உரைத்து ஒரு சங்கு கொடுப்பது அக்கறையில்தான். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லாத குடல் அது. உரைக்கிற கல்லிலும் தண்ணீரிலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. வசம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாந்தி நிற்காது. தேன் தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இதில் தேன் ஒரு வயது வரை கண்டிப்பாகக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகள், எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக் கூட்டம் இன்னும் அமையாத குடலில் முளைத்து, நஞ்சு சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும். ‘டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்’ என்று என் தலையில் போடுங்கள். மருமகள் சொன்னால் சண்டை, டாக்டர் சொன்னால் உத்தரவு, நம் வீடுகளில் அப்படித்தானே?

தயிர் சாப்பிடுங்கள். குழந்தைக்குச் சளி பிடிக்காது. ஆனால் தயிரில் இருக்கிற பாக்டீரியா அப்படியே பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் குடலுக்கு நல்லது, அவ்வளவுதான். பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். காய், கீரை, பழம், பருப்பு ஆகியவற்றை நிறுத்துகிற பத்தியத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அல்லது உடம்பு சில்லிட்டுப் போனால், பால் குடிக்க மறுத்துத் தூங்கிக்கொண்டே இருந்தால், நெஞ்சுக்கூடு உள்ளிழுத்து வேகமாக மூச்சு வாங்கினால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக அடுத்த பிரசவம். முயற்சி செய்யலாம். உங்களுக்குச் சிசேரியன் செய்த காரணம், குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது. இது அடுத்த முறையும் வரும் என்று கட்டாயம் இல்லை. இடுப்பெலும்பு குறுகலாக இருந்து செய்தவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயற்சி செய்கிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் கர்ப்பப்பையில் பிரிகிற ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு இருக்கிறது. அதனால் உடனே ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி உள்ள இடத்தில்தான் முயற்சி செய்ய வேண்டும், அடுத்த கர்ப்பத்துக்கும் போதிய இடைவெளி விட வேண்டும். இந்த முடிவைத் தையலும் உங்கள் உடல்நிலையும் பார்த்து மகப்பேறு மருத்துவர் எடுக்கட்டும், பாக்டீரியாவுக்காக நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்த வாக்கில் வெட்டினார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், தையலைக் காட்டப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை உங்களைப் பார்க்கிற மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.